பச்சை முத்திரை வைத்த பக்கம்

சலவை ஆலையில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவன் ஒருவன் இருந்தால் எழுத்துவேலை எல்லாம் அவன் தலையில்தான் விழும், ஐயா. எங்கள் விக்கி அப்படித்தான் என் பொறுப்புக்கு வந்தது. இயந்திரங்களை எப்படி இயக்குவது என்று தொழிலாளிகளே சேர்ந்து எழுதும் இணையக் கையேடு அது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நான் பச்சை முத்திரை வைத்தால்தான் திருத்தம் பக்கத்தில் ஏறும். ஜனநாயகத்துக்கும் ஒரு வாசற்கதவு வேண்டுமல்லவா?

துணி பிழியும் இயந்திரத்தைப் பற்றிய பக்கம் நானே எழுதியது. 'விளக்கு அணைந்ததும் மூடியைத் திறக்கலாம்' என்று அதில் ஒரு வரி. சுருக்கமான, அழகான வரி. பழைய ஆபரேட்டர் ஒருவர் அதைத் திருத்தினார். மிச்சமிருக்கும் விரல்களை எண்ணி எல்லோரும் அவரை எட்டரை என்பார்கள். 'விளக்கு அணைந்தாலும் உள்ளே துணிக் கூடை சுற்றும், இரண்டு நிமிடம் பொறுக்கவும்' என்று அனுப்பியிருந்தார். ஆதாரம் கேட்டுத் திருப்பினேன்.

மேசைக்கே வந்துவிட்டார். "ஆதாரமா? இந்தாங்க, எண்ணிக்குங்க சார்" என்று கையை விரித்தார்.

"சொந்த அனுபவம் ஆதாரம் ஆகாதுண்ணே. விதி அப்படி."

"அந்த விதிய எழுதின மகராசன் யாரு?"

"நான்தான்."

"அப்ப இன்னொருத்தன் கை போனாத்தான் ஏத்துவீங்களா?"

"அத அப்பப் பார்த்துக்கலாம்ணே."

ஆறு முறை அனுப்பினார். ஆறு முறையும் மரியாதையாகவே திருப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து என் தங்கையின் கணவர் வேலைக்குச் சேர்ந்தார். படித்துக்கொள்ள அந்தப் பக்கத்தை நான்தான் கொடுத்தேன். மாப்பிள்ளை சொன்னபடி நடக்கிற மனிதர். விளக்கு அணைந்தது, திறந்தார். வலது கை, தோள் வரைக்கும்.

மருத்துவமனையில் தங்கை ஒன்றுதான் கேட்டாள். "நீ பார்த்துட்டுத்தானேண்ணா முத்திரை வச்சே?"

"பார்த்துட்டுத்தான்மா" என்றேன்.

அது பொய்யில்லை. எட்டரையின் முதல் திருத்தம் வந்த அன்றே நான் இயந்திரத்துக்குப் போனேன். விளக்கு அணைந்ததும் மூடியைத் திறந்தேன். கூடை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒரு துண்டின் நுனியை உள்ளே விட்டேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. அவர் எழுதியது சரி என்று தெரிந்துகொண்டுதான் மேசைக்குத் திரும்பி வந்து ஆதாரம் கேட்டேன்; என் பழைய வரிக்கே மறுபடியும் பச்சை முத்திரை வைத்தேன். என் வரியை அவர் திருத்துவதா?

விசாரணை அறிக்கையில் அலட்சியம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. நான் எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை.