வராத செய்திக்கு ஒரு மறுப்பு

தலைமை தாங்கும் லாட்ஜ் உரிமையாளர் சக்கரபாணி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் குடிநீர்ப் பொறியாளர் தசரதன் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி மெஹ்ருன்னிசா அவர்களே, கருங்கல்மேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஊர்மக்களே, வணக்கம்.

பத்திரிகை நிருபர் மதார் சாகிப் மறைந்து ஒன்பது நாளாகிறது. அந்தச் செய்தியை, அவர் நண்பன் என்ற முறையில், வேலூரில் அச்சாகும் அவருடைய பத்திரிகைக்கு அன்றே அனுப்பினேன். இன்னும் வரவில்லை. பதினாறு ஆண்டுகள் திருவண்ணாமலையிலிருந்து எழுதியவர். தீபத்துக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்று எழுதினால் முதல் பக்கம். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்று எழுதினால் இடமில்லை. பதினாறு ஆண்டும் இடமில்லை!

எழுபத்தொன்பதில், கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் இருக்கும் கருங்கல்மேட்டின் ஒரே கைப்பம்பு எட்டு மாதமாக ஓடவில்லை என்று எழுதினார். நியாயமான மனிதர், அனுப்பும் முன் பொறியாளர் அலுவலகத்திலும் விளக்கம் கேட்டார். செய்தி வரவில்லை. ஆனால் அலுவலகம் அனுப்பிய மறுப்பு வந்தது. கட்டம் கட்டி வந்தது: 'கருங்கல்மேட்டில் பம்பு ஓடவில்லை என்பதில் உண்மையில்லை.'

அன்று பஸ் நிலையத்தில் அந்த ஊர்ப் பச்சையம்மாள் அவரை நிறுத்தினார்.

"இன்னா பாய், எங்க பம்பு ஓடுதாமே? இந்தப் பேப்பரப் புழிஞ்சா ஒரு கொடம் தேறுமா?"

ஆனால் யாருமே சொல்லாத ஒன்றை ஏன் மறுக்கிறார்கள் என்று வேலூரில் ஒரு மேலதிகாரிக்குச் சந்தேகம். ஜீப்பில் புறப்பட்டார். அவர் வந்து சேர்வதற்குள் பம்பைச் சரிசெய்துவிட்டார்கள். பதினோரு நாள் தண்ணீர் வந்தது. பிறகு நின்றது.

அதன்பின் மதார் சாகிப் முதலில் மறுப்பு கேட்டுத்தான் போவார். தசரதன் அவர்களுக்கு நினைவிருக்கும்.

"சார், ஒரு மறுப்பு குடுங்க."

"செய்தியே வரலியே பாய், எதை மறுக்கறது?"

"நீங்க மறுத்தாத்தான் சார் வரும்."

தசரதன் அவர்கள் தன்மையானவர். மறுத்தார். ஐந்து ஆண்டில் அந்த ஒரு பம்பை ஏழு முறை மறுத்திருக்கிறார். ஒவ்வொரு மறுப்புக்கும் சில நாள் தண்ணீர். அதிகம் போனால் பத்தொன்பது நாள். இதையா நாம் சாதனை என்று பாராட்டுவது? ஒரு தோல் வாஷரை ஒழுங்காக மாற்றவைக்க ஒரு மனிதர் ஐந்து ஆண்டு அலைய வேண்டுமா? அலைந்தும் நடந்ததா?

அவர் இறந்த செய்தி ஏன் வரவில்லை என்று இப்போது புரிகிறது. அதை யாரும் மறுக்கவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய நால்வரும் சூளுரைத்தார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் மேசைமேல் பாதி எழுதிய தாள் ஒன்று இருந்தது. சகோதரி என்னிடம் கொடுத்தார். கருங்கல்மேட்டில் பம்பு நின்று நாற்பத்தாறு நாள் என்பதோடு அது நிற்கிறது. பின்வரிசையில் பச்சையம்மாள் இருக்கிறார். இன்றைக்கு எத்தனை நாள் என்று மேடையேறும் முன் கேட்டேன்.

"அம்பத்தஞ்சு. நீயாவது சரியா எழுது."

சரியாக எழுதி, மதார் சாகிப் பெயருக்குக் கீழே என் பெயரும் போட்டிருக்கிறேன்.

தசரதன் அவர்களே, இப்போது மணி ஐந்தரை. வேலூர் பஸ் ஆறேகாலுக்குப் புறப்படும். அதில் போகும் செய்திக் கவரை இன்னும் ஒட்டவில்லை. உங்கள் மறுப்பைக் கொடுத்தால் இதிலேயே வைத்துவிடுவேன்.