ராணியம்மாளின் முகம்

முகச் சுருக்கத்துக்குப் பூசுகிற கிரீம் நிஜமாகவே வேலை செய்யுமா என்று போன மாதம் உங்கள் வீட்டம்மா என் கடைக்கு வந்து கேட்டார்கள், சார். விடாமல் பூசிப் பாருங்கள் என்று சொல்லி ஒரு டப்பா கொடுத்து அனுப்பினேன். அதில் இருப்பது வாசலினும் பன்னீரும் கொஞ்சம் துத்தநாகப் பவுடரும்தான். பயப்படாதீர்கள், கெடுதல் செய்யாது. நல்லதும் செய்யாது.

அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா? அதன் சத்தம் என்னை என்னவோ செய்கிறது. உட்காரவும் முடியவில்லை, நின்றுகொண்டே சொல்கிறேன். மனசாட்சி உறுத்தி நான் வந்திருப்பதாக நினைத்து ஏட்டையா டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் அப்படி இல்லை. இதுவரை என்னை ஒருவரும் சந்தேகப்படவில்லை, நானாகத்தான் வந்தேன். ஏன் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

என் பெயர் பஞ்சாட்சரம். இங்கே பஜார் தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வீடு பக்கத்துக் கிராமத்தில், சைக்கிளில் வந்துபோவேன். ராணியம்மாள் என் மனைவி. தாய்மாமன் மகள், என்னைவிட ஏழு வயது பெரியவள். அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வண்டி குடைசாய்ந்து செத்துப்போனான். அதன் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் படியேறவில்லை. ஏரிக்குக் கீழே இருந்த மாமாவின் நிலம் வெளியாளுக்குப் போகக் கூடாதென்று, நான் கம்பவுண்டர் படிப்பை முடித்த கையோடு என் தலையில் கட்டிவைத்தார்கள். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிவைத்து வேடிக்கை காட்டியவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு ஆள் இருந்தால் ‘இன்னாங்க’ என்பாள். ஆள் இல்லாவிட்டால் பழையபடி ‘டேய் பஞ்சு’தான். குழந்தை இல்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில், காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்தோம். நல்ல கூட்டம். கண்டக்டர் என் தோளைத் தட்டி, “உங்கம்மாவ முன்னாடி சீட்ல உக்கார வையி நைனா, பாவம், நிக்க முடியாம நிக்கிறாங்க” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். ராணி போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள்.

“டேய், இத்தினி மருந்து வச்சிக்கினு கீறியே, இதுக்கு ஒண்ணும் இல்லியா உன் கடையில?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவளுக்காகத்தான்.

அப்போது ஆரம்பித்ததுதான் கிரீம். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்து தினமும் தடவிக்கொள்வாள். டப்பா மூடியின் உட்புறமெல்லாம் மஞ்சள் ஒட்டியிருக்கும். நான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவள் முகத்தைப் பார்ப்பேன். வாயோரம் இரண்டு கோடு, கண்ணோரம் கோழிக்கால் மாதிரி கொஞ்சம். எல்லாம் அங்கங்கே அப்படியே இருக்கும். கடையில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கோடுகள்தான் கண் முன்னால் நிற்கும். சில நாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறேன். “இன்னாடா மறந்துட்ட?” என்பாள். எதையாவது எடுத்துக்கொண்டு திரும்பிப் போவேன்.

இந்தச் சமயத்தில் மூச்சிழுப்பு நோய்க்காரக் கிழவர் ஒருவர் என் கடையில் வாடிக்கையாக ஒரு மாத்திரை வாங்கினார். சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. கொஞ்ச நாளில் அவர் முகம் சந்தனக் கும்பா மாதிரி உருண்டுவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. மருந்து கம்பெனி ரெப் வந்தபோது கேட்டேன். “முகம் உப்பும், அது ஒண்ணும் இல்ல. ஆனா ரொம்ப நாள் சாப்ட்டவங்க பட்டுனு நிறுத்திடக் கூடாது சார். படிப்படியா கொறைக்கணும். இல்லாங்காட்டி ஆளே போயிடும்” என்றான். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று நாளைக்கு எந்த வக்கீலும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.

மறுநாளிலிருந்து காலைக் காபி நான் போட ஆரம்பித்தேன். ராணிக்குக் கசப்புத் தூக்கலாக இருக்க வேண்டும், அதனால் மாத்திரையைப் பொடித்துக் கலக்க வசதி. பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “பொண்டாட்டிக்குக் காப்பி போட்டுக் குடுக்கிற ஆம்பளைய வேற எந்த வூட்ல பாத்துக் கீறீங்க?” என்று.

மாத்திரை வேலை செய்தது. கன்னம் நிரம்பியது, வாயோரக் கோடு மறைந்தது. பெண்கள் வந்து கேட்டார்கள். ராணி கிரீம் என்று பெயர் வைத்து அந்த வாசலின் கலவையையே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அதே பஸ்ஸில் ஒருநாள் அதே கண்டக்டர் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டான். அன்று நான் எத்தனை சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

பிறகு மற்றவையும் வந்தன. கால் குச்சியாக இளைத்தது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போயிற்று. அம்மியில் அரைத்துவிட்டு எழுந்திருக்கச் சிட்டம்மாள் கை கொடுக்க வேண்டியிருந்தது. அதெல்லாம் புடவைக்குள் இருந்தது, சார். முகம் வெளியே இருந்தது.

இந்தச் சித்திரையில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோவில் தீமிதி. அதற்கு முன்னால் ஒருநாள் காபியைக் குடித்துக்கொண்டே, “இந்த வருசம் நானும் காப்பு கட்டிக்கினு நெருப்பு எறங்கறேன்” என்றாள்.

“எதுக்கு?”

“வேண்டிக்கினு கீறேன். பஸ்ல அப்பிடிச் சொன்னான் பாரு, அன்னிக்கே வேண்டிக்கினேன். என் மூஞ்சியத் திருப்பிக் குடு ஆத்தா, நெருப்பு எறங்கறேன்னு. குடுத்துட்டா இல்ல?”

“அப்போ கிரீம்?”

ராணி வாய்விட்டுச் சிரித்தாள். “அய்ய, அது இன்னாத்துக்கு ஆவும்? நீ ஆசையாப் பண்ணிக் குடுத்தியேன்னு பூசிக்கினேன். வாசன நல்லாக் கீது.”

எனக்குக் கோபம் வரவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். கடை திறக்கவில்லை.

காப்பு என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூசாரி வீராசாமி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டால், தீமிதி முடிகிற வரை கோவில் கொட்டகையிலேயே தங்க வேண்டும். புதுப்பானையில் தானே பொங்கிச் சாப்பிட வேண்டும். வீட்டுப் பண்டம் வாயில் படக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. முதல் நாள் காலை பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். என் கடமையை நான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

“காப்பு கட்டிக்கினு வூட்டுத் தண்ணி கூடத் தொடக் கூடாது. உனுக்குத் தெரியாதா இன்னா? எட்த்துக்கினு போ” என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் பிளாஸ்கோடு திரும்பி வரும்போது எனக்கு ஒரு நியாயமான யோசனை தோன்றியது. முகம் அம்மன் கொடுத்தது என்றால், மாத்திரை இல்லாவிட்டாலும் அவள் நன்றாகத்தான் இருக்க வேண்டும். நான் கொடுத்தது என்றால் தெரிந்துவிடும். எந்த மருந்தையும் நிறுத்திப் பார்த்தால்தானே அது வேலை செய்ததா என்று தெரிகிறது? நான் வேறெதுவும் செய்யவில்லை. காத்திருந்தேன்.

காத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கடைக்கும் கோவிலுக்குமாக அலைந்தேன். முதலில் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது, அப்புறம் வாந்தி. பிறகு எழுந்து உட்கார முடியாமல் போயிற்று. தீமிதி அன்று உச்சிவெயிலில், பம்பை உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே, சிட்டம்மாள் என்னிடம் ஓடிவந்தாள்.

“ராணிக்கு ஒடம்பு சில்லுனு கீது நைனா. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு பூடலாம் வா.”

வீராசாமி நடுவில் வந்தான். “காப்பு கட்டினவ எல்ல தாண்டினா ஊருக்கே ஆவாது. அவ மேல ஆத்தா எறங்கிக் கீறா. சும்மா பேஜார் பண்ணாதீங்க.”

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் புருஷன், அதோடு மருந்து தெரிந்தவன். “பூசாரி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றேன்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, சார். அதே ஸ்டீராய்டின் ஊசி மருந்து என் சட்டைப் பையிலேயே இருந்தது. முதல் நாளிலிருந்தே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரி வேண்டாம், எல்லை தாண்ட வேண்டாம். அந்த ஊசி ஒன்று போட்டிருந்தால் அவளுக்கு உயிர் திரும்பியிருக்கும். சிட்டம்மாளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, கொட்டகையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து மருந்தை ஊசியில் ஏற்றினேன். கண்ணைத் திறந்தாள்.

“டேய் பஞ்சு. மூஞ்சி எப்பிடிக் கீது?”

“நல்லாக் கீது.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி என் இன்னொரு கையில் தயாராக இருந்தது. “யாரு குடுத்தது ராணி?” என்று கேட்டேன்.

“ஆத்தா.”

“நல்லா யோசிச்சிச் சொல்லு.”

“ஆத்தாதான்டா” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

ஊசியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சிட்டம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். பூங்கரகம் நெருப்பில் இறங்கியபோது ஊரே கூச்சலிட்டது. அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் ராணி போய்விட்டாள்.

கிரீம் வேலை செய்யவில்லை என்று சொல்லி அவள் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டாம், மாத்திரை விஷயம் தெரிந்தால் தாங்க மாட்டாள், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் உண்மைதான். நான் பேருக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டவன் இல்லை. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பாடை மேல் இருந்தபோதும் அவள் முகம் முழு நிலவாக இருந்தது. கட்டுக்கழுத்தியாகக் காப்போடு போனவள், சாட்சாத் அம்மன் முகம் என்று பெண்கள் குலவை போட்டார்கள். அவள் படுத்திருந்த இடத்தில் இப்போது மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசி விளக்கு வைத்திருக்கிறார்கள். அந்த மண்ணை எடுத்து முகத்தில் தடவினால் சுருக்கம் போகிறதாம். தாமலிலிருந்தும் புள்ளலூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். என் கடையில் டப்பாக்கள் அடுக்கினபடியே கிடக்கின்றன. நேற்று நான் போனபோது உங்கள் வீட்டம்மாவும் அந்த வரிசையில் நின்றார்கள். கன்னமெல்லாம் மண். என்னைப் பார்த்து, “உங்க சம்சாரம் குடுத்து வச்சவங்க, அம்மனே முகத்தைக் குடுத்திருக்கா” என்றார்கள்.

அதற்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். கொன்றது நான்தான், அதில் எனக்குத் தகராறு இல்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதை இரண்டாவதாக எழுதுங்கள், சார். முதலில் இதை எழுதுங்கள். எழுதியதை அந்தக் கோவில் வாசலில் நின்று ஒரு தடவை சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த முகத்தை அம்மன் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன்.