ஆறாவது பூட்டு

பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டுமா? நெருங்கி உட்காருங்கள்... இது பட்டப்பகல், இரண்டரை மணி. ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோடு. அதன் கோடியில் லாரிப்பெட்டி மாதிரி வரிசையாகப் பேட்டரிகள். அதில் சேரும் கரண்டைப் பெரிய லைனில் சேர்க்கும் பேனல் அறைக்கு என் சிநேகிதனின் மச்சான்தான் ஆபரேட்டர். முப்பத்து மூவாயிரம் வோல்ட்.

அங்கே ஒரு முறை உண்டு. பேனலில் கை வைக்கிற ஒவ்வொருவரும் சுவிட்ச் கைப்பிடியில் தன் பூட்டைப் போடவேண்டும். பூட்டில் அவன் படம் ஒட்டிய அட்டை தொங்கும். அவனே வந்து திறக்காமல் யாரும் கரண்ட் கொடுக்கக்கூடாது.

மேனேஜருக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. ‘செல்பி’ என்று பட்டப்பெயர். ஒரு போல்ட் முறுக்கத் தெரியாது. முறுக்குகிறவன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, தானே முறுக்கிய மாதிரி மேலிடத்துக்கு அனுப்புவார். அன்று மூன்று மணிக்குக் கரண்ட் போட்டே ஆகவேண்டும் என்று குதித்தார்.

வேலை பார்த்தது ஐந்து பேர். ஐந்து பேரும் தங்கள் பூட்டைத் திறந்துகொண்டார்கள். கைப்பிடியில்... இன்னொரு பூட்டு. அட்டை வெறும் வெள்ளை. அந்த வெயிலிலும் தொட்டால் சில்லென்றது.

“யார் பூட்டுன்னு தெரியாம போட மாட்டேன் சார்” என்றார் மச்சான்.

“போடலேன்னா நாளைலேர்ந்து வராத.”

இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? செல்பியே கட்டரை வாங்கிப் பூட்டை வெட்டினார். படக். மூலையில் எறிந்தார்.

“மூணு மணிக்குப் போடு. எனக்காக நிக்காத” என்று வெளியே போனார். காருக்குப் போகிறார் என்று நினைத்தார்கள்.

கரண்ட் போடும் பட்டன் பக்கத்து அறையில். மச்சான் ஐந்து தலையையும் இரண்டு தடவை எண்ணினார். மூன்று மணிக்கு அழுத்தினார்.

டொம்... சுவர் அதிர்ந்தது. அப்புறம் ஒரு பொசுங்கல் வாடை.

செல்பி காருக்குப் போகவில்லை. பேனலின் பின்பக்கம் போய், மூடியிருந்த தகட்டைக் கழற்றி, உள்ளே தலையை நீட்டிப் படம் எடுத்திருக்கிறார். கழற்ற மட்டும் தெரிந்திருக்கிறது! அந்த ஆளுக்காக எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது. மச்சானை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இன்றைக்கும் அவர் வீட்டில் லைட்டைப் பெண்டாட்டிதான் போடுகிறாள்.

செல்பியின் போன் உருகிக் கட்டியாகிவிட்டது. கடைசியாக எடுத்த படம் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள்.

வெட்டிய பூட்டை மச்சான்தான் மூலையிலிருந்து எடுத்தார். அட்டை இப்போது வெள்ளையாக இல்லை. செல்பி பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்... முகத்துக்குப் பின்னால், திறந்த பேனலுக்குள், மூன்று கேபிள்கள்.