வாடகை கம்மியான ஊர்

இல்லம்மா, தண்ணிக்கு இங்க பஞ்சமே கிடையாது. குழாயைத் திறந்து பாருங்களேன். ம்... பாத்தீங்களா? அதெல்லாம் குத்தம் சொல்லக் கூடாது. தண்ணி, காத்து, வெளிச்சம் எல்லாம் தாராளம். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் தேடணும்.

உங்க வீட்டுக்காரர் வெளிய என்ன அளக்கறார்? வண்டி நிறுத்தவா? நிக்கும், ரெண்டு வண்டிகூட நிக்கும். அவர் முகத்தைப் பாத்தாலே தெரியுது, மனசுக்குள்ள குடி வந்தாச்சு. எங்க வீட்டுக்காரரும் இந்த வீட்டை வாடகைக்குப் பாக்க வந்த அன்னிக்கு இப்படித்தான் காலடி வச்சு வச்சு அளந்தார். நான் இப்ப நீங்க நிக்கிற அதே எடத்துல நின்னுட்டு இருந்தேன்.

ஆமா, நாங்களும் பெரிய ஊர்லேருந்துதான். மாடியில ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. ராத்திரி மடக்குக் கட்டிலை விரிச்சா வாசக்கதவு திறக்காது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். ஒரே பொண்ணு எங்களுக்கு. சமையக்கட்டுல தரையில உக்காந்து, கேஸ் சிலிண்டர் மேல புத்தகத்தை வச்சுத்தான் படிப்பா. நான் கரண்டியோட நிப்பேன், அவ எனக்கு ரசாயனம் ஒப்பிப்பா. வயசுக்கு வந்த புள்ள, டிரஸ் மாத்தணும்னா அப்பாவைக் கீழ அனுப்பணும். அவரும் பாவம், தெருமுனை வரைக்கும் போய் நின்னுட்டு வருவார். ஒரு நாள் மழையில தொப்பலா நனைஞ்சு வந்தார். அதைப் பாத்துட்டு அவ சொன்னா, அம்மா, எனக்கு வேற எதுவும் வேணாம், சாத்திக்கறதுக்கு ஒரு கதவு இருந்தாப் போதும்னு. தலையைத் துவட்டிட்டு இருந்தவர் காதுலயும் அது விழுந்துது. அந்த ஒரு பேச்சுதான் எங்களை இங்க கொண்டாந்து போட்டுது.

அதோட அந்த வீட்டு ஓனரம்மா வேற வருஷா வருஷம் வாடகையை ஏத்திட்டே போனாங்க. இவர் எங்கெங்கயோ விசாரிச்சு இந்த ஊரைக் கண்டுபிடிச்சார். அங்க குடுக்கறதுல பாதிகூட ஆகாது, தனி வீடு, மூணு ரூம். வானத்துல பறந்தார் மனுஷன். வேலைக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். கையில தொழில் இருக்குடி, எங்க போனாலும் பொழைச்சுக்கலாம்னார். அவர் தொழில் என்ன தெரியுமா? லிஃப்ட் மெக்கானிக். நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்களே, இந்த ஊர்ல ரெண்டு மாடிக்கு மேல ஏதாவது கண்ணுல பட்டுதா? இருக்கறதே ஒரு லிஃப்ட், ஆஸ்பத்திரியில. அதுவும் சனியன் ரிப்பேரே ஆகாது. இப்ப தண்ணி மோட்டார் பாக்கறார். நான் அங்க மூக்குக் கண்ணாடிக் கடையில இருந்தேன். வர்றவங்களுக்கு முகத்தைப் பாத்தே பிரேம் எடுத்துக் குடுப்பேன், முதலாளியே என்னைக் கேட்டுத்தான் சரக்கு போடுவார். இங்க வந்து எடுத்துக் குடுக்க எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க.

பொண்ணா? அதைத்தான் சொல்ல வர்றேன்.

சாமானெல்லாம் கட்டியாச்சு. அப்புறம்தான் தெரியுது, அவ எடுத்திருக்கிற பாடம் இங்க பள்ளிக்கூடத்துல இல்லைன்னு. விசாரிக்கலையான்னு கேக்கறீங்க. அவர் சுவரையும் ஜன்னலையும் விசாரிச்சார். அப்பதான் என் நாத்தனார் வந்தாங்க, அவர் தங்கச்சி. அங்கேயே பெரிய வீடு, கார், மருந்து மொத்த வியாபாரம். குழந்தை இல்லை. அண்ணி, ரெண்டு வருஷம் எங்ககிட்ட விடுங்க, பரீட்சை முடிஞ்சதும் நானே கொண்டாந்து விடறேன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. இன்னிக்கும் அவங்களைக் கெட்டவங்கன்னு சொல்ல என் வாய் வரமாட்டேங்குது. அப்படிச் சொல்ல வாய் வந்தாலாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

அவளுக்கு அங்க தனி ரூம் குடுத்தாங்க, கதவோட. நாங்க கதவைத் தேடிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தோம், அவளுக்கு அது அங்கேயே கிடைச்சிடுச்சு. இந்தப் பக்கத்து ரூம் இருக்கு பாருங்க, இதை அவளுக்குன்னு வச்சிருந்தோம். சுவருக்கு அவ கேட்ட கலர்தான். ஒரு ராத்திரிகூட இதுல தூங்கினதில்ல அவ.

வந்தா, வராம என்ன. முதல் லீவுல அத்தையோட கார்ல வந்து இறங்கினா. நான் காலையிலேருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து ஓய்ஞ்சு போயிருந்தேன். இறங்கினவ வாசப்படியில நின்னுக்கிட்டு என்ன கேட்டா தெரியுமா? அம்மா, செருப்பை எங்க விடறதுன்னு கேட்டா. விருந்தாளிங்க கேப்பாங்கல்ல, அப்படி. வீடு நல்லாருக்கும்மான்னா. சாயங்காலமே கிளம்பிட்டா, மறுநாள் ஏதோ டியூஷனாம். கார் போனதும் இவர் சொல்றார், பரவாயில்லடி, வாரிசு இல்லாத வீட்டுல ராணி மாதிரி இருக்கான்னு. அன்னிக்கு நான் அவருக்குச் சோறு போடலை.

பரீட்சை முடிஞ்சுது, காலேஜ் வந்துது. காலேஜ் முடிஞ்சுது, வேலை வந்துது. எல்லாம் அங்கேயே. தினம் வந்த போன் வாரத்துக்கு ஒண்ணாச்சு. சாப்பிட்டியாம்மா, சாப்பிட்டேன், மழை பெய்யுதா, பெய்யுது. நான் மழை பெய்யலைன்னாலும் பெய்யுதுன்னுதான் சொல்லுவேன், இன்னும் ரெண்டு வார்த்தை பேசுவாளேன்னு.

உங்க பொண்ணு எத்தனாவது? எட்டாவதா. கூடவே கூட்டிட்டு வந்துடுங்க. பாடம் இல்லையா, வேற பாடம் படிக்கட்டும். நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க.

இல்லையில்ல, வீட்டுல ஒரு குறையும் இல்லை. நாங்க காலி பண்றது அதுக்காக இல்லைம்மா. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன். அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சே, சொல்லலையா? மாசமா இருக்கா இப்ப. டாக்டர் எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டார். இவர் வரலை. மோட்டார் கடைக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு, ஒத்த ஆளுக்கு அது போதும்னுட்டார். அவருக்கு இந்த ஊர் பிடிச்சுப் போச்சு. போற வழியெல்லாம் நாலு பேர் வணக்கம் வைக்கறாங்கல்ல.

சந்தோஷமா? இருக்கும். அம்மா வந்தா பொண்ணு சந்தோஷப்படுவாதான்.

ஆனா நான் அங்க அம்மாவாப் போகலைங்க. அத்தையாப் போறேன்.

அது ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முதல்ல பொண்ணைப் பாத்தது நாத்தனார் வீட்டுல. உங்க பொண்ணான்னு கேட்டிருக்காங்க, இவங்களும் ஆமான்னுட்டாங்க. வாய் தவறிச் சொன்னாங்களோ, ஆசையில சொன்னாங்களோ. அது பேச்சுவார்த்தை வரைக்கும் போயிடுச்சு. அப்புறம் இங்க வந்து, இதோ இந்தத் தரையில உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. இனிமே மாத்திச் சொன்னா சம்பந்தம் நிக்காது அண்ணி, புள்ளை பேர்தான் கெடும்னாங்க. அவளும் போன் பண்ணா. நீ சரின்னா சரி, வேணாம்னா இப்பவே நிறுத்திடலாம்மான்னா. கெட்டிக்காரி. பாரத்தைத் தூக்கி அழகா என் தலையில வச்சா. நான் சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது?

கல்யாணத்துல நாத்தனாரும் அவங்க வீட்டுக்காரரும் அம்மா அப்பாவா அவ பக்கத்துல நின்னாங்க. நாங்க மாமா, அத்தை. மாமான்னு அவ வந்து கால்ல விழுந்தப்ப இவர் அழுத அழுகையைப் பாத்து, தாய்மாமனுக்கு எவ்வளவு பாசம் பாருங்கன்னு பேசிக்கிட்டாங்க.

இப்ப அவ அம்மாவுக்கு, என் நாத்தனாரைத்தான் சொல்றேன், முட்டி வலியாம். புள்ளைத்தாச்சியைத் தூக்கி உக்கார வைக்க முடியலையாம். அதான் அத்தை வரணும்னு ஆள் மேல ஆள் விடறாங்க. அவகிட்டேருந்தும் போன் வந்துது. பக்கத்துல யாரோ இருந்தாங்க போல. எப்ப வர்றீங்க அத்தைன்னா. வர்றேங்கன்னு சொல்லிட்டேன். ஆமா, பொண்ணையேதான், ங்க போட்டுத்தான்.

மாப்பிள்ளை நல்ல புள்ளம்மா. அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பொண்டாட்டிக்கு அத்தைன்னா எனக்கு அம்மா முறைதானேன்னு அவராவே முறை கண்டுபிடிச்சு, எப்ப பேசினாலும் அம்மா அம்மான்னுதான் கூப்பிடறார். அந்த வீட்டுல என்னை அப்படிக் கூப்பிடறது அவர் ஒருத்தர்தான்.

போங்க, உங்க வீட்டுக்காரர் கூப்பிடறார்.