பாறை முனைக்குப் போற அம்பு

இல்ல சார், நீங்க சொல்றது சரியா வரலையே. நிக்காதீங்க, உக்காருங்க. பொய்ய உக்காந்தே சொல்லலாம்.

கலங்கரை விளக்கத்துலேர்ந்து நாலு நாளா நடந்து வர்றேங்கறீங்க. அங்கேர்ந்து வர்றவங்களுக்குக் கடல் இடது கைப்பக்கம். காலை வெயில் பூரா இடது கன்னத்துலதான் அடிக்கும். மத்தியானம் காத்து கெளம்பிட்டா யாரும் நடக்கறதில்ல. பதினோரு வருஷமா இந்த விடுதிய நடத்தறேன், வர்றவங்க அத்தன பேரும் ஒரு பக்கம் மட்டும் சுட்ட ரொட்டி மாதிரிதான் வந்து நிப்பாங்க. உங்களுக்கு ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி இருக்கு. ஜீப்லதானே வந்தீங்க?

அட, கோவம் எதுக்கு? தண்ணியக் குடிங்க.

நடந்து வர்றவன் உள்ள வந்ததும் ஷூவக் கழட்டுவான். கேக்காமயே கொப்புளத்தக் காட்டுவான். நீங்க வந்ததும் வராததுமா என்ன கேட்டீங்க? வாசக் கல்லுல இருந்த அம்ப யாரு அழிச்சதுன்னு. நடக்க வந்தவருக்கு அது எதுக்கு? பையில என்னமோ கடகடங்குதே, என்ன டப்பா அது?

மஞ்சள் பெயிண்ட்டா. அப்படி வாங்க வழிக்கு. நீங்க பாதை ஆபீஸ் ஆளு.

அழிச்சது நான்தான் சார். இங்கேர்ந்து அடுத்த விடுதி வரைக்கும் நடக்கறவங்களுக்கு வழி காட்டக் கல்லுல அம்பு போடறது நீங்க எனக்குக் குடுத்த வேலைதானே? பாறை முனைப் பக்கம் காட்டினத அழிச்சிட்டு, வயல் பக்கமாத் திருப்பிவிட்டேன். நாலு கிலோமீட்டர் கூடுதுதான். அதக் கேட்டு மலைச்சுப்போய் எல்லாரும் என்கிட்டயே தங்கிடறாங்க, அதுக்குத்தான் செய்யறேன்னு புகார் வந்துச்சாக்கும்? யாரு, அடுத்த விடுதிக்காரரா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், மூஞ்சியே சொல்லுது.

போன மழைக்கு முன்னாடியும் ஒரு தடவ அழிச்சேன். முனைக்கு அடியில கடல் குடைஞ்சிடுச்சு, மேல வெறும் புல்லுதான் நிக்குதுன்னு உங்க ஆபீசுக்கு எழுதியும் போட்டேன். வரைபடத்துல பாதை ஓரமாத்தான் போகுது, ரெண்டு நாள்ல அம்பத் திரும்பப் போடு, இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்னு பதில் வந்துச்சு. வேலை போயிடுமேன்னு போட்டேன். ஒரு முழ நீளத்துக்கு, பளிச்சுன்னு.

மறுநாள் காலையில நான் சந்தைக்குப் போயிட்டேன். லீவுக்கு வந்திருந்த என் தம்பி, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம்னு கெளம்பியிருக்கான். வேலிகிட்ட துணி காயப்போட்டுட்டிருந்த பக்கத்து வீட்டம்மா, அந்தப் பக்கம் வேணாம்ப்பான்னு சொல்லியிருக்காங்க. சிரிச்சானாம். எங்கக்கா போட்ட அம்புங்க, தப்பா காட்டுமான்னு கேட்டுட்டுப் போனானாம்.

மூணாம் நாள்தான் சார் கெடைச்சான்.