எட்டுக் கட்டம்

காத்தானுக்குத் தினமும் நான்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பூதலூரில் எங்கள் மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு உழுதவர் அவர். குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிய பிறகு, இனி அவரை வெளியேற்ற முடியாது என்று வக்கீல் கைவிரித்துவிட்டார். என் தங்கை பிரகதாம்பாளைப் பெண் கேட்டு வந்தவர்களோ, சீதனமாகக் குத்தகைக்காரர் இல்லாத நிலமாகத்தான் வேண்டும் என்றார்கள். அவளுக்கு முப்பத்தோரு வயது. அது நாலாவது வரன்.

ஐப்பசியில் காத்தானுக்குக் காலில் ஆபரேஷன், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில். புண்ணில் ஆஸ்பத்திரிக் கிருமி ஏறியது. சீழைப் பரிசோதிப்பது என் வேலை. கிருமி வளர்த்த தட்டில் மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைப்போம். எதைச் சுற்றிக் கிருமி சாகிறதோ அந்த மருந்தை டாக்டர் போடுவார். எட்டு மருந்திலும் சாகவில்லை. நானாகவே இரண்டிரண்டு வில்லைகளாக நெருக்கி வைத்துப் பார்த்தேன். ஜென்டாமைசினும் கார்பெனிசிலினும் சேர்ந்த இடத்தில் தட்டு கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வாசலில் அவர் மனைவி ரெத்தினம் நின்றாள்.

"சின்னம்மா, காயிதத்துல நல்ல மருந்தா எழுதுங்க. எமனே வந்தாலும் நடவு முடியட்டும், வரப்புல குந்துடாங்குறாரு அந்த மனுசன்."

"எழுதறேன், ரெத்தினம்."

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தனியாக அவளால் உழ முடியாது, நிலத்தை விட்டுக்கொடுத்துவிடுவாள்.

ரிப்போர்ட் தாளில் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு மருந்து. இரண்டைச் சேர்த்து எழுதக் கட்டம் கிடையாது. எட்டிலும் 'பலனில்லை' என்று எழுதினேன். எட்டும் உண்மை.

டாக்டர் கேட்டார்: "வேற வழியே இல்லியாம்மா?"

"தாள்ல இருக்கறதுதான் சார்."

காத்தான் ஒன்பது நாள் இருந்தார். கடைசி நாள் என் கையைப் பிடித்து, "தங்கச்சி கல்யாணத்துக்கு வாழத்தாரு நான் வெட்டியாறேன் சின்னம்மா" என்றார். தலையாட்டினேன். குத்தகையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் ரெத்தினம் கைநாட்டு வைத்தாள். தையில் கல்யாணம் நன்றாக நடந்தது.

மாசியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு அதே கிருமி. நான் தாளின் ஓரத்தில் இரண்டு மருந்தையும் சேர்த்து எழுதிக்கொடுத்தேன். அவர் நடந்து வீட்டுக்குப் போனார். இது எப்படித் தெரிந்தது என்று டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். நான் சோதித்த தேதி ஐப்பசியில் இருந்தது.

ஓர் உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.