திரை மூலையில் வந்த எண்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்காது. அதனால்தான் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தேன். நிதானமாகவே சொல்கிறேன் இன்ஸ்பெக்டர், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்பத்தாறில் தருமபுரியில் ஓர் அறக்கட்டளை என்னை வேலைக்கு வைத்தது. ஏழை நோயாளிகளை, மாதம் நான்கு பேராக, இலவச இருதய ஆபரேஷனுக்குப் பெங்களூர் அனுப்புவார்கள். காத்திருந்தவர்கள் இருநூறு பேருக்கு மேல். அவர்கள் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன், ஆளுக்கொரு படிவம். அந்தப் பதிவு கோப்பில் எத்தனையாவதாக நிற்கிறது என்று திரை மூலையில் ஓர் எண் வரும்படி செய்தேன். 9 / 214 என்று வரும். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்றுதான்.

செயலாளர் மாதையன் அதைப் பார்த்து அசந்துபோனார். அதுதான் முறை எண் என்று அவராகவே முடிவுகட்டினார். பதிவுத் தேதியெல்லாம் இருந்த நோட்டைக் கட்டி பீரோ மேல் போட்டுவிட்டார். மாதாமாதம் செருப்பைக் கழற்றிவிட்டு என் அறைக்கு வந்து, கும்பிடாத குறையாக முதல் நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு போவார். எம்.ஏ. படித்தவர். ஒரு பதிவை அழித்துத் திரும்ப ஏற்றினால் அது கடைசிக்குப் போய்விடும் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

ஜனங்கள் அதற்கு மேல். தீர்த்தமலையிலிருந்து பஸ் ஏறி வந்து எண்ணை மட்டும் கேட்டுப் போவார்கள். நூற்றுப்பன்னிரண்டு நூற்றெட்டானதற்கு ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்தார். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பென்னாகரத்தில் தையல் வேலை பார்க்கும் ஹாஜிராவின் மகள் ஜான் பீ. பதினொரு வயது, வால்வில் கோளாறு. எண் ஒன்பது. எல்லாரும் என்னை சார் என்பார்கள். ஹாஜிரா மட்டும் தம்பி என்பாள். எண்பத்தெட்டு சித்திரையில் ஒருநாள், மாதையன் கேட்டாரென்று பதிவுகளைப் பெயர் வரிசையில் அடுக்கியிருந்தேன். ஜான் பீ எழுபத்தொன்றில் நின்றாள். எண் கேட்க வந்த ஹாஜிராவிடம், பெயர் வரிசையில் எழுபத்தொன்று என்றேன்.

"பேரை வச்சு அடுக்குனா நம்பரு மாறுதுங்களே தம்பி. அப்ப இது எங்க முறை இல்லீங்க. நோட்டுல தேதி இருக்கும், அதைப் பாருங்க."

மாதையன் சிரித்தார். "மிசினு எப்படிம்மா தப்புப் பண்ணும்?"

இரண்டு வருடத்தில் அந்த எண் இன்னதென்று கண்டுகொண்ட ஒரே ஆள், ரவிக்கை தைக்கிறவள். அதுவும் செயலாளர் முன்னாலேயே சொல்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அவள் போனதும் வரிசையைப் பழையபடி ஆக்கினேன். ஜான் பீயின் பதிவை அழித்து, ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்ப ஏற்றினேன். 214 / 214. மாதம் நான்காகக் குறைந்து இருநூறுக்குக் கீழே வந்ததும் மறுபடி அதையே செய்தேன். ஆவணியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை. மார்கழியில் அவள் என்னை சார் என்றாள்.

"புள்ளைக்கு நடந்தா மூச்சு வாங்குதுங்க சார். நம்பரு எத்தனைன்னு சொல்லுங்க சார்."

திரையில் இருந்ததைச் சொன்னேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

தை மாதம் ஜான் பீ இறந்துபோனாள். பதிவை அழித்தேன், இந்த முறை திரும்ப ஏற்றவில்லை. ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குக் கீழே, மார்கழிக்குப் பிறகு புதிதாகப் பதிந்தவர்கள் பதினாறு பேர் இருந்தார்கள். பதினாறு பேரும் அன்றைக்கே ஓரிடம் முன்னேறினார்கள். ஒருவர்கூட வந்து எனக்கு நன்றி சொல்லவில்லை.